முடக்குவாதமும் சங்கக் குடும்பங்களும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் நமக்கு ஏடுகளின்மீது பெரும் நம்பிக்கை உண்டு. ரொக்கப் புத்தகம், சரக்கு இருப்புப் புத்தகம், அங்கத்தினர் பதிவேடு, கூலிப் பட்டுவாடாப் பதிவேடு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று ஒத்துவிட்டால், சங்கத்தின் நிலை முழுவதும் நம் கண்முன் விரிந்துவிட்டதாகவே எண்ணுவோம். அவ்வெண்ணம் எவ்வளவு குறையுடையது என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் தாம்பரத்திற்கு மேற்கேயுள்ள ஒரு நெசவாளர் சங்கத்தில் நாம் கற்றுக்கொண்டோம்.

அச்சங்கத்தின் கூலிப் பதிவேட்டில் ஓர் அங்கத்தினரின் பெயருக்கு நேரே இருந்த எண்கள் மாதத்திற்கு மாதம் இறங்கிக்கொண்டே வந்தன. முன்பு மாதம் 8 சேலை நெய்து கொடுத்தவர் 5 கொடுத்தார். பின்னர் 3இல் வந்து நின்றார். காரணம் கேட்டோம். "மனிதர் சோம்பிவிட்டார்" என்றார் செயலாளர். நாமும் மேற்கொண்டு விசாரியாமல், ‘அங்கத்தினரின் அக்கறைக் குறைவால் உற்பத்தி வீழ்ச்சி, பாவு வழங்குவதைக் குறைக்கலாம்’ என்று குறிப்பெழுதிக் கையொப்பமிட்டோம்.

இரு மாதம் கழித்துத் தறிகளை நேரில் பார்வையிடும் முறை வந்தது. அவ்வங்கத்தினரின் வீட்டிற்குச் சென்றபோது அவர் தறிக்குழியில் கால் வைத்தபடியே சும்மா உட்கார்ந்திருந்தார். பாவு தறியில் இருந்தது. நாடா கையருகே இருந்தது. நாடாவில் போடத் தார் இல்லை. கூடத்தின் மூலையில் இராட்டைக்கு முன் அவருடைய மனைவி அமர்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. இரு கைகளிலும் விரல்களின் நடுக்கணுக்கள் வீங்கிப் பளபளத்தன. நூல் அறுந்தபோது அதைப் பிணைக்க அவர் பட்ட பாட்டை நாம் நின்று பார்த்தோம்.

"காலையில் விரல் மடங்காதுங்க ஐயா. வெயில் ஏறின பிறகுதான் கை என் பேச்சைக் கேட்கும்" என்றார் அந்த அம்மாள். இரண்டாவது குழந்தை பிறந்த சில மாதங்களில் தொடங்கிய வலி, ஈராண்டாகியும் தீரவில்லை. ‘பிள்ளை பெற்ற உடம்பில் வாயு புகுந்துவிட்டது’ என்று சுற்றத்தார் சொன்னதைக் கேட்டுத் தைலம் தடவிக்கொண்டிருந்தார்.

தறி நின்றதற்குக் காரணம் தறிக்காரர் அல்லர் என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. தார் சுற்றும் கைகள் ஓய்ந்ததால் நெய்யும் கைகளும் ஓய்ந்தன. ஆனால் அந்தத் தார் சுற்றும் கைகளுக்கு உரியவரின் பெயர் சங்கத்தின் எந்த ஏட்டிலும் இல்லை. அங்கத்தினர் கணவர், கூலி அவர் பெயரில், மனைவியின் உழைப்பு அக்கூலிக்குள் அடக்கம். நம் குறிப்பை அன்றே திரும்பப் பெற்றோம். எனினும் அதற்குள் ஒரு பாவு அக்குடும்பத்திற்குக் குறைக்கப்பட்டுவிட்டது. அந்த மாதத்து அரிசிக்கு அவர்கள் யாரிடம் கடன் பட்டனர் என்பதை நாம் கேட்கவில்லை; கேட்கும் துணிவு நமக்கு இல்லை.

அந்த அம்மாளுக்கு வந்திருந்தது முடக்குவாதம் என்று பின்னர் மருத்துவர் சொன்னார். அதன்பின் மருத்துவர்களைக் கேட்டும் நூல்களைப் பார்த்தும் இந்நோயைப் பற்றி நாம் அறிந்தவற்றை, நெசவாளரும் பயிரிடுவோருமாகிய நம் சங்கத்தார் பயன்பெறும் பொருட்டு இங்கு எழுதுகிறோம். இந்நோய் ஆணிடத்தில் நடந்துகொள்ளும் முறை வேறு, பெண்ணிடத்தில் நடந்துகொள்ளும் முறை வேறு என்பதே இதில் நாம் வற்புறுத்த விரும்புவது.

நோயின் இயல்பு

மூட்டுவலி எல்லாம் ஒரே வியாதி அன்று. வயது ஏற ஏற முழங்கால் தேய்ந்து உண்டாகும் வலியை எல்லாரும் அறிவர். அது நடந்தால் கூடும், உட்கார்ந்தால் தணியும். முடக்குவாதம் இதற்கு நேர்மாறானது. ஓய்ந்திருந்தபின் கூடும், சற்று அசைந்து பழகினால் குறையும். விடியற்காலையில் விரல்கள் மரக்கட்டைபோல் விறைத்து, ஒரு மணி நேரத்திற்கு மேலாகியும் இளகாமல் இருப்பது இதன் முதல் அடையாளம். இரு கைகளிலும் ஒரே விதமாக மணிக்கட்டும், விரல்களின் அடிக்கணுவும் நடுக்கணுவும் வீங்குவது இரண்டாவது அடையாளம். நகத்தை ஒட்டிய கடைசிக் கணு பெரும்பாலும் தப்பிவிடும். இவ்வீக்கம் ஆறு வாரத்திற்கு மேல் நீடிப்பது மூன்றாவது அடையாளம். இவற்றுடன் உடற்சோர்வும், சில வேளை இலேசான காய்ச்சலும், இரத்தக் குறைவும் சேர்ந்துகொள்ளும்.

நம்மைக் கிருமிகளினின்று காக்க வேண்டிய உடலின் எதிர்ப்பு ஆற்றலே வழிதவறி, மூட்டுகளின் உட்சவ்வைப் பகையென எண்ணித் தாக்குவதால் இந்நோய் விளைகிறது. காவற்காரனே வீட்டை உடைப்பது போன்றது இது. ஆகவே குளிர்ந்த நீரும், வாயுப் பண்டமும், பிரசவ காலத்தில் பத்தியம் தவறியதும் இதற்குக் காரணம் ஆகா. தமிழில் இதைச் சரவாங்கி என்றும் வழங்குவர். சித்த மருத்துவர்கள் வளியழல் கீல்வாயு என்பர்.

இந்நோயைத் தனியே பிரித்துணர்ந்த வரலாற்றிலும் பெண்களே முன்னிற்கின்றனர். 1800ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துச் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய லாந்திரே-போவே என்னும் இளம் வைத்தியர், ஒன்பது பெண் நோயாளிகளைக் கண்டு ஆய்வுரை ஒன்று எழுதினார். செல்வர்களாகிய ஆடவரை மிகுதியும் பீடிக்கும் கவுட் என்ற மூட்டுநோயினின்று இது வேறானது என்றும், ஏழைகளையும் பெண்களையும் இது அதிகம் பற்றுகிறது என்றும் அவர் குறித்தார். இன்று வழங்கும் ரூமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் என்னும் ஆங்கிலப் பெயர் 1859இல் காராடு என்னும் ஆங்கில மருத்துவரால் இடப்பட்டது.

எத்தனை பேருக்கு?

டில்லிக்கு அருகேயுள்ள கிராமங்களில் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வயது வந்தோரில் 100க்கு 0.75 பேருக்கு முடக்குவாதம் இருக்கக் கண்டனர். இதை நம் கணக்கிற்குக் கொண்டுவந்து பார்ப்போம். 4,000 வயது வந்தோர் வாழும் பெரிய கிராமம் ஒன்றில் ஏறத்தாழ 30 பேருக்கு இந்நோய் இருக்கக்கூடும். உலகெங்கும் ஆண் ஒருவருக்கு இது வந்தால் பெண் இருவர் மூவருக்கு வருகிறது. எனவே அந்த 30 பேரில் இருபதுக்கு மேற்பட்டோர் பெண்களாய் இருப்பர். அவர்களுள் எத்தனை பேரை நம் சங்கச் செயலாளர்களால் பெயர் சொல்லிக் காட்ட முடியும்?

வயதிலும் வேறுபாடு உண்டு. பெண்ணுக்கு இது முப்பதிலிருந்து ஐம்பதுக்குள், அதாவது குழந்தைகளும் தறியும் அடுப்பும் ஒருங்கே அவளை நம்பியிருக்கும் பருவத்தில் வந்துவிடுவதுண்டு. ஆடவரிடம் நாற்பத்தைந்து வயதிற்கு முன் இது அரிது. முதுமை நெருங்க நெருங்கக் கூடும். முதுமையில் இரு பாலார்க்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடுகிறது. இதனாலேயே மாதர் சுரப்புகளின் ஏற்ற இறக்கத்திற்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டு என்று அறிஞர் கருதுகின்றனர். எதிர்ப்பு ஆற்றலை ஆளும் மரபணுக்கள் பல, பெண்ணிடத்தில் இரண்டாகவும் ஆணிடத்தில் ஒன்றாகவும் உள்ள எக்ஸ் குரோமோசோமில் இருப்பதும் ஒரு காரணமாகலாம் என்பர்.

செய்யும் தொழிலும் ஓரளவு காரணமாகிறது. 2016இல் மலேசியாவினின்று வெளியான ஆராய்ச்சியொன்று, தொழிலில் நூல்தூசும் துணித்தூசும் சுவாசித்த பெண்களுக்கு இந்நோய் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாகக் காணப்பட்டதைத் தெரிவித்தது. சுவீடன் நாட்டு ஆராய்ச்சிகள், கல் உடைப்பதும் பாறையில் துளையிடுவதும் போன்ற வேலைகளில் கல்தூசைச் சுவாசித்த ஆடவருக்கு, அதிலும் புகைப்பவருக்கு, இந்நோய் மிகுதி என்று காட்டின. பல்லாவரம், பம்மல், திரிசூலம் பகுதிகளில் நெடுங்காலம் கல் உடைத்துப் பிழைத்த குடும்பங்கள் பல நம் சங்கங்களில் உண்டு. முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொள்வதும், தார் சுற்றும் இடத்தில் காற்றோட்டத்திற்கு வழி செய்வதும் பெரிய செலவல்ல. ஆயினும் நாம் அவற்றைச் செய்வதில்லை.

பெண்ணுக்கு நேர்வது

கர்ப்பகாலத்தில் முடக்குவாதம் பலருக்குத் தானே தணிகிறது. நோயுற்ற பெண்களில் பாதிப் பேருக்கும் மேல் வலி குறைந்து நலமடைகின்றனர். ஆனால் குழந்தை பிறந்த சில மாதங்களில் அது சீற்றத்துடன் திரும்பும். முன்பு நோய் இல்லாதவருக்கும் அது தலைகாட்டும் காலங்களில் பிரசவத்தை அடுத்த மாதங்கள் முக்கியமானவை. கைக்குழந்தையைத் தூக்கவும், பாலூட்டவும், துணி பிழியவும் வேண்டிய அதே நாட்களில் கை உதவ மறுக்கும். ‘சோம்பல்’ என்ற பழிச்சொல் அவள்மேல் விழுவதும் அந்நாட்களிலேதான்.

பிரசவத்தோடு நோய் தணிந்தும் எழுந்தும் ஆடும் இந்த ஆட்டத்தை உற்றுநோக்கியதால் உலகிற்குப் பெரியதோர் மருந்து கிடைத்தது. அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தில் இருந்த பிலிப் ஹெஞ்ச் என்பார், காமாலை கண்டபோதும் கர்ப்பமுற்றபோதும் முடக்குவாதம் தணிவதைக் கண்டார். உடலே சுரக்கும் ஏதோ ஒரு பொருள் இதற்குக் காரணமாகலாம் என்று தேடினார். கெண்டல் என்னும் வேதியியலாருடன் சேர்ந்து 1948 செப்டம்பரில், நடக்க முடியாதிருந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற சுரப்புப் பொருளைச் செலுத்தினார். சில நாட்களில் அப்பெண் எழுந்து நடந்தாள். ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. பெண்ணின் உடலைக் கூர்ந்து பார்த்தவர் கண்ட மருந்து இது என்பதை மறத்தலாகாது.

ஆயினும் இதே மருந்தின் வழிவந்த ஸ்டீராய்டு மாத்திரைகள் இன்று நம் கிராமங்களில் செய்யும் தீங்கும் சிறிதன்று. கடையில் பெயர் தெரியாத ‘வலி மாத்திரை’ வாங்கி மாதக் கணக்கில் விழுங்குவோருக்கு முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு நொய்ந்துபோகும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு எலும்பு ஏற்கெனவே நொய்வடைவதால் இத்தீங்கு இரட்டிக்கும். ஸ்டீராய்டை மருத்துவர் அளந்து கொடுத்தால் மருந்து. நாமே வாங்கித் தின்றால் கேடு. நெடுநாள் உண்டவர் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொற்படி சிறுகச் சிறுகவே குறைக்க வேண்டும்.

டோரதி ஹாட்ஜ்கின் என்னும் ஆங்கில அறிஞருக்கு 1938இல் முதற்குழந்தை பிறந்ததை அடுத்து இந்நோய் கடுமையாக வந்தது, விரல்கள் கோணின. ஊடுகதிர்க் கருவியின் விசையைக் கையால் தள்ள இயலாதபோது, நீண்ட நெம்புகோல் ஒன்று செய்து பொருத்தச் சொல்லி வேலையைத் தொடர்ந்தார். பெனிசிலின் முதலிய பொருள்களின் அமைப்பைக் கண்டு 1964இல் நோபல் பரிசு பெற்றார். 1969இல் இன்சுலினின் அமைப்பையும் கண்டார். கை மாறியபோது கருவியையும் மாற்றிக்கொண்டதே அவருடைய வழி. நெசவாளர் குடும்பங்கள் கருத்திற் கொள்ள வேண்டிய வழியும் இதுவே.

ஆணுக்கு நேர்வது

இனி மற்றொரு வீட்டைப் பார்ப்போம். படப்பைப் பக்கம் கீரை பயிரிடும் ஓர் அங்கத்தினரை நாம் அறிவோம். அவருக்கு அறுபது வயது. கீரையை விடியுமுன் பிடுங்கிக் கட்டுக் கட்டினால்தான் காலைச் சந்தைக்குச் சேரும். அவருக்கோ விடியற்காலையில் விரல் மடங்குவதில்லை. இதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. கீரைக் கட்டும் பொறுப்பை மருமகளிடம் விட்டுவிட்டுத் தாம் ஏற்றம் இறைக்கும் மோட்டாரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி ஒதுங்கிக்கொள்வார். மூன்றாண்டு இப்படிக் கழிந்தது. முடிவில் அவர் மருத்துவரிடம் சென்றது கை வலிக்காக அன்று; படி ஏறினால் மூச்சு இரைக்கிறது என்பதற்காக. மார்பு நோய் மருத்துவர் நுரையீரலைப் பார்த்தார், பிறகு கைகளைப் பார்த்தார், "இந்த விரல் எத்தனை நாளாக இப்படி?" என்று கேட்டார். இரண்டும் ஒரே நோய் என்பது அப்போதுதான் அக்குடும்பத்திற்குத் தெரிந்தது.

இந்நோய் மூட்டோடு நிற்பதில்லை. ஆடவரிடம் தோலுக்கடியில் கட்டிகள் தோன்றுவதும், நுரையீரல் தடித்து இறுகுவதும் பெண்களைக் காட்டிலும் மிகுதி. பீடியும் சிகரெட்டும் இதற்குத் தூபம் போடுகின்றன. புகைத்தல் நோயை வரவழைக்கவும் செய்யும்; வந்த நோயை முற்றவும் செய்யும்; மருந்தின் பயனைக் குறைக்கவும் செய்யும். இருதயத்திற்கும் இந்நோயால் கேடு உண்டு. ஆதலால் ஆணாயினும் பெண்ணாயினும் இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் சோதித்துக்கொள்வது நலம்.

ஆடவருக்கு மற்றொரு தொல்லை, நோயின் பெயரே. ‘இது பெண்களுக்கு வருவது’ என்று கேள்விப்பட்டவன் தன் வலியை வேறு பெயரிட்டு மறைக்கிறான். தூக்கிய சுமை என்பான். சேற்றில் நின்றது என்பான். 2006இல் தமிழகத்தில் பரவிய சிக்குன்குனியாவின் மிச்சம் என்பான். குடும்பத்திற்குச் சம்பாதிப்பவன் நான், என் கை தளர்ந்தது என்று எப்படிச் சொல்வது என்ற மானமும் சேர்ந்துகொள்கிறது. 1967இல் உலகின் முதல் இருதய மாற்றுச் சிகிச்சையைச் செய்த தென்னாப்பிரிக்க மருத்துவர் கிறிஸ்டியான் பர்னார்டுக்கும் இந்நோய் உண்டு. கைகள் ஒத்துழையாமையால் 1983இல் அவர் அறுவைத் தொழிலினின்று விலகினார். அத்தகைய கைகளுக்கும் வந்த நோயைக் கூறிக்கொள்வதில் நம் உழவர்க்கு நாணம் எதற்கு?

அளவுகோலின் குறை

ஒரே நோய் இருவரையும் எவ்வளவு வருத்துகிறது என்பதை 25 நாடுகளில் 6,004 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டனர். அவர்களில் 100க்கு 79 பேர் பெண்கள். வலி, வீக்கம், அன்றாட வேலை செய்யும் திறன் என எதை அளந்தாலும் பெண்களின் நிலையே தாழ்ந்து காணப்பட்டது. ஆனால் கொடுக்கப்பட்ட மருந்துகளில் பெரிய வேறுபாடு இல்லை. அப்படியாயின் பெண்ணிடம் நோய்தான் கொடியதா?

ஆராய்ந்தவர் கூறிய விடை சிந்திக்கத் தக்கது. வேறுபாட்டின் பெரும்பகுதி நோயில் இல்லை. அளக்கும் கருவியில் இருக்கக்கூடும் என்றனர். எடுத்துக்காட்டாக, இரத்தச் சிவப்பணு படியும் வேகம் நோயற்ற பெண்ணுக்கே ஆணைவிடச் சற்று அதிகம். கைப்பிடியின் வலிமை பெண்ணுக்கு இயல்பிலேயே குறைவு. ஆகையால் இருவருக்கும் ஒரே அளவு வலிமை குறைந்தால், மிஞ்சுவது ஆணுக்குப் போதும், பெண்ணுக்குப் போதாது. நிறைகுடத்தில் இரு குவளை முகந்தால் தெரியாது. அரைக்குடத்தில் முகந்தால் தெரியும்.

இதைப் படித்தபோது நமக்கு நம் கூலிப் பதிவேடே நினைவிற்கு வந்தது. அளவுகோல் ஒருவரைக் குறைத்துக் காட்டலாம். மற்றொருவரைக் காட்டாமலே விடலாம். 2019-20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் கைத்தறித் தொழிலாளரில் 100க்கு 70க்கு மேற்பட்டோர் பெண்கள். ஆனால் நாம் பார்வையிட்ட பதிவேடுகளில் பெண் பெயர்கள் அவ்விகிதத்தில் இருந்ததில்லை. ஏட்டில் இல்லாத கைக்கு நோய் வந்தால் அதுவும் ஏட்டில் ஏறாது. ஏறாத நோய்க்கு உதவி கேட்பது எப்படி?

மருந்தும் இடமும்

இந்நோய் தீரா நோய் என்று கைவிட்ட காலம் போயிற்று. தொடங்கிய சில மாதங்களுக்குள் தக்க மருந்தை ஆரம்பித்தால், மூட்டு கோணாமல் காத்து, வேலை செய்துகொண்டே வாழ முடியும். காலம் கடந்தால் அரிக்கப்பட்ட எலும்பு மீளாது. ஆகவே மூன்று அடையாளங்களும் கண்டவுடன் செல்லுதல் முக்கியம்.

தாம்பரம் சானடோரியம் நோயாளிகளுக்கு நெடுநாளாகப் பழகிய இடம். 1928இல் மருத்துவர் சௌரி முத்து அங்குக் காசநோய் நிலையம் நிறுவினார். 1937இல் அதை அரசு ஏற்றது. அதுவே இன்று மார்பு நோய்களுக்குரிய அரசு மருத்துவமனையாக விளங்குகிறது. மூச்சு இரைப்பு கண்ட முடக்குவாத நோயாளிக்கு நுரையீரல் சோதனை இன்றியமையாதது என்பதை அங்கத்தினர் நினைவிற் கொள்க. அதே சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. கீல்வாயு உடையோர் பலர் அங்கு நாடி வருகின்றனர். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை எதிரிலேயே உள்ளது. அங்கு ரூமட்டாலஜி எனப்படும் வாதநோய்த் துறை தனியே உண்டு. சித்தமாயினும் ஆங்கில முறையாயினும் அங்கத்தினர் ஒன்றை மறத்தல் கூடாது. ஒரு மருத்துவரிடம் உண்ணும் மருந்தை மற்றவரிடம் மறையாமல் சொல்ல வேண்டும்.

ஆங்கில முறையில் முதல் மருந்தாக வழங்குவது மெத்தோட்ரெக்சேட். இது வாரத்திற்கு ஒரே நாள் உண்ண வேண்டியது. நாள்தோறும் உண்பது உயிருக்கே ஆபத்து. எழுதப் படிக்கத் தெரியாதவர் வீட்டில் நாட்காட்டியில் ஒரு கிழமையை வட்டமிட்டு மாட்டிவைத்தல் நன்று. இதனுடன் ஃபோலிக் அமிலமும் தருவர். கல்லீரலையும் இரத்தத்தையும் அவ்வப்போது சோதிப்பர்.

இம்மருந்திலும் ஆண் பெண் வேறுபாடு உண்டு. கர்ப்பமுற்ற பெண்ணும், கர்ப்பமுற விரும்பும் பெண்ணும் மெத்தோட்ரெக்சேட்டை உண்ணலாகாது. கருவிற்குப் பெருந்தீங்கு விளையும். குழந்தை வேண்டுமென்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற வேண்டும். புதிதாய் மணந்த பெண் இதை மாமியார் முன் சொல்லக் கூசி மருந்தையே நிறுத்திவிடுவதும், நோய் முற்றுவதும் உண்டு. ஆடவருக்கோ மது பெரும்பகை; குடியும் இம்மருந்தும் சேர்ந்தால் கல்லீரல் கெடும். சல்பசலசின் என்ற மற்றொரு மருந்து ஆடவரின் விந்தணுக்களைக் குறைக்கும். நிறுத்தினால் அது சீராகும். இதை அறியாமல் குழந்தை இல்லாக் குறையை மனைவியின்மீது ஏற்றும் வீடுகளுக்காகவே இதை இங்கு எழுதினோம்.

சங்கம் செய்யத் தக்கவை

மருத்துவம் மருத்துவர் கடமை. ஆனால் சங்கத்தின் கடமையும் ஒன்று இருக்கிறது. நமக்குத் தோன்றியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, தார் சுற்றுவோரும் பாவு பிணைப்போரும் களை எடுப்போரும் தத்தம் பெயரில் அங்கத்தினராக வேண்டும். கூலிப் பதிவேட்டில் துணை உழைப்பிற்கு ஒரு பத்தி ஒதுக்குவதற்குச் சட்டத் தடை எதுவும் நாம் கண்டதில்லை.

இரண்டாவது, ஓர் அங்கத்தினரின் உற்பத்தி மும்மாதம் தொடர்ந்து இறங்கினால், பாவைக் குறைக்குமுன் நிர்வாகக் குழுவில் ஒருவர் வீட்டிற்குச் சென்று பார்க்க வேண்டும். அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "காலையில் யாருடைய கை மடங்குவதில்லை?"

மூன்றாவது, கருவியை மாற்றுதல். மின்விசையால் ஓடும் தார் சுற்றும் இயந்திரம் இன்று கிடைக்கிறது; கைத்தறி உதவித் திட்டங்களில் மானியத்துடன் வழங்கப்படுவதும் உண்டு. களைக்கொட்டின் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கினால் வீங்கிய விரலுக்குப் பிடிக்க எளிது. கீரைக் கட்டுக்கு முடிச்சுக்குப் பதில் வளையம் போடலாம்.

நான்காவது, மருத்துவமனைக்குச் செல்லும் நாளின் கூலி. நாட்கூலி இழந்து, ரயிலேறி, வரிசையில் நின்று திரும்புவதே பலரை மருந்தினின்று விலக்குகிறது. பொது நல நிதியிலிருந்து ஒரு சிறு தொகை இதற்கு ஒதுக்கலாம். அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீட்டிற்கே வருகிறது. கை கால் பெரிதும் முடங்கியவர் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி 100க்கு 40க்குக் குறையாத குறைபாட்டுச் சான்று பெற்றால் உதவிகளுக்கு உரியவராவார். விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது சங்க எழுத்தருக்கு அரை மணி வேலை.

முடிவாக ஒரு செய்தி. முதலிற் சொன்ன வீட்டிற்கு அண்மையில் மீண்டும் சென்றோம். அந்த அம்மாளின் இரு விரல்கள் கோணியே இருக்கின்றன. அவை இனி நேராகமாட்டா. ஈராண்டுத் தாமதத்தின் கணக்கு அது. ஆனால் வீக்கம் இல்லை. காலையில் எழுந்தவுடன் குழந்தைக்குத் தலை வாருகிறார். சுவரில் மாட்டிய நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகள் வட்டமிடப்பட்டிருந்தன. தார் சுற்றுவதில் பாதியைக் கணவரே இரவில் செய்கிறார். மாதம் 6 சேலை வருகிறது.

சங்கத்திற்குத் திரும்பி அங்கத்தினர் பதிவேட்டைக் கேட்டோம். கடைசிப் பக்கத்தில் புதிய வரி ஒன்றில் அவ்வம்மாளின் பெயர் இருந்தது. எதிரே, சிரமப்பட்டு இட்ட அவருடைய கையெழுத்தும் இருந்தது. அவ்வரிக்குக் கீழே நாம் பார்வையிட்டதற்கு அடையாளமாகக் கையொப்பமிட்டோம். நம் பழைய குறிப்பிற்கு ஈடாகாது எனினும், அந்த ஏடு அன்று முன்னிலும் சற்றுச் சரியாக இருந்தது என்று சொல்லலாம்.